கவுன்சிலரிடம் மூன்று முறை சொல்லியும் சாக்கடை நிற்கவில்லை. இனி உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு எதற்கு?

நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். எட்டு மாதமாகத் தெருவில் சாக்கடை பொங்குகிறது. கவுன்சிலரை மூன்று முறை பார்த்தீர்கள், எம்.எல்.ஏ. ஆபீஸில் மனு கொடுத்தீர்கள், 1913க்கு போன் செய்தீர்கள். ஒரு ஆள் கூட வராமலே “உங்கள் புகார் முடிக்கப்பட்டது” என்று எஸ்.எம்.எஸ். வந்தது. வரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த லட்சணத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்கிறீர்கள். ஓட்டைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நான் வாசித்தவரை உங்களைக் குடைவது வேறு கேள்வி. இந்தச் சாக்கடைக்கு யார் பொறுப்பு, யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்பது. அதை முதலில் பார்ப்போம், ஓட்டுக்கு அப்புறம் வருவோம்.

நான் 27 வருடம் ஒரு நகராட்சியின் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சென்னையில் வேலை பார்த்ததில்லை, ஓய்வுக்குப் பிறகு இங்கே குடியிருக்கிறேன். குழாய், மேன்ஹோல், டெண்டர், கவுன்சிலர் இவை நான்கும் எனக்குப் பழக்கம். சட்ட நுணுக்கம் என் துறை இல்லை. கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்தப் பகுதிக்கு ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

முதல் விஷயம், நாம் எல்லாவற்றையும் சாக்கடை என்கிறோம். அரசுக் கணக்கில் அது இரண்டு. தெருவோரம் சிமென்ட் பலகை போட்டு ஓடுவது மழைநீர் வடிகால்; அது மாநகராட்சியுடையது. தெரு நடுவில் வட்ட மூடி போட்ட மேன்ஹோலுக்குக் கீழே ஓடுவது பாதாளச் சாக்கடை. அது சென்னைக் குடிநீர் வாரியத்துடையது, அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தனி வாரியம் அது. அதன் தலைவர் மேயர் இல்லை, மாநில அமைச்சர். நீங்கள் அனுப்பிய படத்தில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டுதான் தண்ணீர் வருகிறது. ஆக, உங்கள் கவுன்சிலர் மூன்று முறையும் தலையாட்டியது தனக்கு அதிகாரமில்லாத ஒரு வேலைக்கு. மெட்ரோ வாட்டரின் உள்ளூர் அலுவலகமான டிப்போவின் பொறியாளருக்கு அவர் போன் போட்டுச் சொல்லலாம், கெஞ்சலாம், சத்தம் போடலாம். உத்தரவு போட முடியாது. அதை உங்களிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். எந்தக் கவுன்சிலரும் சொல்ல மாட்டார். “எனக்கு அதிகாரம் இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு எப்படி வருவது?

1913 மாநகராட்சியின் எண். மெட்ரோ வாட்டருக்குத் தனியாக 1916 இருக்கிறது, 044-4567 4567 இருக்கிறது. ஒரு துறையில் விழுந்த புகார் இன்னொரு துறைக்குத் தள்ளப்பட்டால், தள்ளியவர் கணக்கில் அது முடிந்துவிடும். உங்கள் புகாருக்கு நடந்தது இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ரொம்ப நடக்கிற கதை. வேலை செய்யாமலே முடித்துவிடுவதும் உண்டு. நானே செய்திருக்கிறேன். இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் மேலே கேள்வி வரும் என்ற காலத்தில், மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டில் “சரி செய்யப்பட்டது” என்று எழுதிவிட்டு மறுநாள் காலை ஆள் அனுப்பியிருக்கிறேன். சில நாள் மறுநாளும் அனுப்பவில்லை. அன்றைக்கு என்னிடம் கழிவுநீர் வண்டி ஒன்றுதான் இருந்தது என்பது காரணம். நியாயம் என்று சொல்ல வரவில்லை.

எட்டு மாதமாகப் பொங்குகிறது என்றீர்கள், எப்போது பொங்குகிறது என்று சொல்லவில்லை. பொறியாளரிடம் பேசும்போது மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம். மழை பெய்தால் மட்டும் பொங்கினால், மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் போகிறது என்று பொருள். மொட்டைமாடித் தண்ணீரைக் கழிவுநீர் இணைப்பில் சேர்த்துவிட்ட வீடுகள் இருக்கும். தெருவில் தண்ணீர் தேங்கியதும் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடும் நல்லவர்களும் இருப்பார்கள். கழிவுநீர்க் குழாயின் அளவு வீட்டுக் கழிவைக் கணக்கிட்டுப் போட்டது, ஒரு மணி நேர மழையை அது தாங்காது. தினமும் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பொங்கி, மதியம் தானாக வடிந்தால், குழாய் பெரும்பாலும் அடைபடவில்லை. எல்லோரும் குளிக்கும் நேரத்து வரத்தைக் கீழே உள்ள உந்து நிலையம், அதாவது பம்பிங் ஸ்டேஷன், இழுக்கவில்லை, அல்லது தனி வீடுகளுக்காகப் போட்ட பழைய குழாயில் இப்போது அடுக்குமாடிகள் இணைந்துவிட்டன. நேரம் காலம் இல்லாமல் ஒரே மேன்ஹோலில் நின்றால் அடைப்பு. துணி, எண்ணெய்க் கட்டி, கட்டட மணல், மர வேர் எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது வகைக்குத்தான் அடைப்பு நீக்கும் வண்டி உதவும். முதல் இரண்டு வகைக்கு வண்டி வந்து அடித்துவிட்டுப் போனால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. “வந்து பார்த்தார்கள், மறுபடி பொங்குது” என்று பாதிப் பேர் புலம்புவதற்குக் காரணம், நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறாக இருப்பது.

அதனால் “சாக்கடை பொங்குது சார்” என்று சொல்லாதீர்கள். எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே உள்ள மேன்ஹோல், எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, அதற்கு மேல்புறம் உள்ள மேன்ஹோலும் நிரம்பியிருக்கிறதா, கீழ்ப்புறம் உள்ளது காலியாக ஓடுகிறதா என்று எழுதுங்கள். மேலே நிரம்பி, கீழே காலியாக இருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். இரண்டுமே நிரம்பியிருந்தால் கோளாறு இன்னும் கீழே எங்கோ இருக்கிறது. மூடியைத் திறக்க நீங்களே கம்பி எடுக்க வேண்டாம், கீழே விஷவாயு இருக்கும். வெளியே வழிவதை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

விஷவாயு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்தியது: “பக்கத்துத் தெருவில் காசு வசூல் பண்ணி ஒரு ஆளை இறக்கி சரி பண்ணிட்டாங்க, நாங்களும் அதான் செய்யணும் போல.” செய்யாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கச் சொன்னவரும் குற்றவாளி. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. இந்த வகைச் சாவுகள் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. மேன்ஹோலில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் முதலில் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஒரு படி கீழே வைப்பவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். தலைக்கு 200 ரூபாய் போட்ட தெருக்காரர்கள் யாரும் கொலை செய்ய நினைத்திருக்க மாட்டார்கள், அவசரம்தான். ஆனால் கீழே இறங்கும் ஆள் எப்போதும் ஒரே சில சாதிகளில் இருந்து வருகிறார் என்பதை நாம் யாரும் கேள்வியாகக் கூட எடுப்பதில்லை. குப்பையிலும் இதே கதைதான். 2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களின் குப்பை வேலை தனியாரிடம் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். இரவோடு இரவாகப் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் எங்கள் குடியிருப்பில் நடந்த பேச்சு, குப்பை வண்டி வரவில்லை என்பது மட்டும்தான். அதில் நானும் இருந்தேன்.

சரி, கவுன்சிலருக்கு ஏன் இவ்வளவு குறைந்த அதிகாரம்? சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது. வயசு இருக்கிறதே தவிர பலம் இல்லை. 1992இல் நிறைவேறி 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க வேலைகள் என்று 18ஐப் பட்டியல் போட்டது. குடிநீர், துப்புரவு, நகரத் திட்டமிடல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் “மாநில சட்டமன்றம் கொடுக்கலாம்” என்றுதான் எழுதியது. கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. இந்த “லாம்” போதும். குடிநீரும் கழிவுநீரும் வாரியத்திடம், கட்டடத் திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம், பஸ் போக்குவரத்துக் கழகத்திடம், பல பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம், கூவமும் அடையாறும் நீர்வளத் துறையிடம். மாநகராட்சியிடம் எஞ்சியது தெருச் சாலை, மழைநீர் வடிகால், தெரு விளக்கு, குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவை. அதிலும் நிர்வாகத்தை நடத்துகிற கமிஷனர், மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கவுன்சிலர்கள் கூடும் மன்றம் தீர்மானம் போடும், கையெழுத்து கமிஷனருடையது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இது மாறவில்லை. மாநிலத்தின் அதிகாரத்தை டெல்லி எடுத்துக்கொள்கிறது என்று நியாயமாகவே கோபப்படுகிற நம் கட்சிகள், மாநகராட்சி என்று வரும்போது அதே வேலையைத் தாங்கள் செய்வதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

வரியிலும் இதைப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். சென்னையில் குடியிருப்புகளுக்கு அதற்கு முன் முழுத் திருத்தம் நடந்து நிலைத்தது 1998இல். 2018இல் உயர்த்தினார்கள், 2019இல் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். கால் நூற்றாண்டு தொடாமல் வைத்துவிட்டு ஒரேயடியாக ஏற்றினால் யாருக்கும் வலிக்கும்தான். ஏற்றச் சொல்லி உத்தரவு மாநில அரசிடமிருந்து வந்தது. சொத்து வரியைச் சீர்செய்தால்தான் மானியம் என்று மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையும் பின்னால் இருந்தது. மன்றம் தீர்மானம் மட்டும் போட்டது. இன்னொன்று, மாநகராட்சிக்குப் போகும் சொத்து வரியில் இருந்து உங்கள் சாக்கடைக்குப் பைசா போவதில்லை. அதற்கு வாரியம் தனியாக வரியும் கட்டணமும் வாங்குகிறது. நீங்கள் வாடகைக்கு இருப்பதால் இரண்டும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். மனுவில் வாரியத்தின் அந்த நுகர்வோர் எண்ணைக் குறிப்பிட்டால் கொஞ்சம் மரியாதை கூடும், ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஓட்டு. சாக்கடைக்கான உங்கள் ஓட்டு உண்மையில் சட்டமன்றத் தேர்தலில் இருக்கிறது, ஏனென்றால் வாரியத்தின் தலைவர் அமைச்சர். எம்.எல்.ஏ. ஆபீஸில் நீங்கள் கொடுத்த மனு தப்பான இடத்தில் விழவில்லை. அதைத் தேதி போட்டு மறுபடி நினைவூட்டுங்கள். கவுன்சிலருக்குப் போடும் ஓட்டு சாலை, வடிகால், விளக்கு, குப்பைக்கு. அது வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மஸ்டர் ரோல் (தொழிலாளர் வருகைப் பட்டியல்) ஊழலைக் காரணம் காட்டி 1973இல் சென்னை மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல். இருபத்து மூன்று வருடம் தனி அதிகாரிகள் நடத்தினார்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது, அப்புறம் வார்டு மறுவரையறை அது இது என்று இழுத்து 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் தெரு விளக்கு அணைந்தால் மண்டல அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். திட்டுவதற்குக் கூடத் தெருவில் ஒரு ஆள் கிடையாது. கவுன்சிலர் சும்மா இருக்கிறார் என்று கோபப்படுவதற்காவது ஒரு கவுன்சிலர் வேண்டும். வேடிக்கையாகச் சொல்லவில்லை, அதிகாரியை நீங்கள் தோற்கடிக்க முடியாது.

கணக்கும் பாருங்கள். சென்னையில் 200 வார்டு. 2011 மக்கள்தொகைப்படி வார்டுக்குச் சராசரி 33,000 பேர். 2022 தேர்தலில் சென்னையில் பதிவானது சுமார் 44 சதவீதம், தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவு. ஒரு வார்டில் 30,000 வாக்காளர் என்று வைத்தால் 13,000 ஓட்டு விழுகிறது, நாலைந்து பேர் அதைப் பிரிக்கிறார்கள். ஆறாயிரம் சொச்சம் வாங்கியவர் ஜெயித்துவிட முடியும். நானூறு வாக்காளர் உள்ள ஒரு குடியிருப்போ, ஐந்து தெரு சேர்ந்த ஒரு நலச்சங்கமோ அங்கே கனமான ஆட்கள். சட்டமன்றத் தொகுதியில் இந்த நானூறு கரைந்து போகும். இந்த மன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது, ஐந்து வருடக் கணக்குப்படி 2027இல் முடிகிறது. கவுன்சிலரின் காது நன்றாகக் கேட்பது கடைசி ஒரு வருடத்தில்தான் என்பது என் அனுபவம்.

இதுவரை சொன்னதில் என் மனசில் சந்தேகம் இல்லை. இனி சொல்வது அபிப்பிராயம். “எல்லாம் கமிஷன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை சதவீதம் என்று டீக்கடையில் சொல்லும் கணக்கை நான் உறுதி செய்யவும் மாட்டேன், இல்லவே இல்லை என்று சிரிக்கவும் மாட்டேன். ஒப்பந்ததாரரிடம் பணம் வாங்கிய கவுன்சிலரையும், தன் வார்டு டெண்டரில் யாரும் கை வைக்க விடாத கவுன்சிலரையும் பார்த்திருக்கிறேன். திருட்டு நடக்கிற இடம் பெரும்பாலும் எம்-புக், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் என்று அதில் எழுதி ஏழு போட்டால் ரோட்டைப் பார்த்துத் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி அந்தப் பக்கத்தின் நகலை நீங்கள் கேட்கலாம். வேலையைப் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும் கூட அந்தச் சட்டம் உரிமை தருகிறது. அதிகம் பேர் பயன்படுத்தாத வசதி. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. ஆனால் “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், “ஏன்”னுக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். நகல் கேளுங்கள். உங்கள் புகார் எண்ணின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பு, அந்தத் தேதியில் அடைப்பு நீக்கும் வண்டி எங்கெங்கே போனது என்ற பதிவேடு, இரண்டும் போதும். பொய்யாக முடித்த புகார் அங்கே பிடிபடும். பிடிபட்டால் முறைகேடு என்று மேலே எழுதலாம்.

பகுதி சபை பற்றியும் என் நம்பிக்கை பாதிதான். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று வார்டு குழு, பகுதி சபை விதிகளை 2022இல் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் குழுவின் பகுதி உறுப்பினர்கள் தேர்தலில் வருவதில்லை, நியமனம். கவுன்சிலரின் கட்சிக்காரர்களே உட்கார்ந்து கைதட்டிக் கலையும் இடமாக இது ஆகிவிடலாம். இருந்தாலும் கூட்டம் என்று அறிவித்தால் போங்கள். பத்து பேர் சேர்ந்து போய், பேசியதை மினிட்ஸில் எழுதச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். எழுதப்படாத பேச்சு அரசாங்கத்தில் நடக்காத பேச்சு.

உங்கள் தெருவுக்கு இப்போது செய்ய வேண்டியது: மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து முதல் ஒரு மணி வரை குறைதீர் கூட்டம் உண்டு. அங்கே பகுதிப் பொறியாளர் எதிரிலேயே இருப்பார். தேதி, மணி, கதவு எண் போட்ட ஒரு பக்கத் தாளும், ஐந்து வீட்டார் கையெழுத்தும், மூன்று படமும் கொண்டுபோங்கள். ஒரு நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். அதற்கு முன் இந்த வாரம் ஒரு நான்கு நாள், காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்துக்கும் அந்த மேன்ஹோலைப் பார்த்துக் குறித்து இங்கே போடுங்கள். அடைப்பா, உந்து நிலையமா, மழைநீர் இணைப்பா என்று ஓரளவு சொல்லிவிடலாம், மனுவையும் அதற்கேற்ற மாதிரி எழுதிக்கொள்ளலாம்.